ஐந்து மூலைக் கண்

பெரியப்பா கூடு பின்னும்போது பேசமாட்டார். வேதாளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பனைகளுக்கு நடுவே மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பனைமட்டையைக் கிழித்து வழித்த நாரை மூன்று திசையில் ஓட்டி, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டே இருப்பார். அது மீன்கூடு. முயல் தீவு, மனோலித் தீவுப் பக்கம் பவளப்பாரை ஒட்டிக் கல் கட்டி இறக்கிவிட்டு வந்தால், அடுத்த முறை போகும்போது ஓராவும் விளமீனும் சில நேரம் பெரிய கலவாயும் உள்ளே கிடக்கும். உள்ளே போகத் தெரிந்த மீனுக்கு வெளியே வரத் தெரியாது.

கூட்டின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் முழுக்க ஆறு மூலைக் கண்கள். தேனடை மாதிரி ஒரே சீராக இருக்கும். வாய்ப்பக்கம், பின்னல் உள்ளே குவிகிற இடத்தில், ஒரு கண் மட்டும் ஐந்து மூலையாக இருந்ததை ஒன்பது வயதில் பார்த்தேன். தப்பாகப் பின்னிவிட்டாரோ என்று நினைத்து விரலை வைத்துக் காட்டினேன்.

"தப்பு இல்ல ஆத்தா. வளையணும்ல? ஒரு நாரைக் குறைச்சா தன்னால குவியும். கையால இழுத்து வளைச்சா நிக்காது, வெடுக்குன்னு நிமிந்துக்கும்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும்போது ஒருநாள் நூலகத்தில் ஒரு படத்தைப் பார்த்தேன். கார்பன் அணுக்கள் ஆறு ஆறாகக் கைகோத்த கிராஃபீன் தாள். அதில் ஒரே ஓர் அறுகோணத்தை ஐங்கோணமாக மாற்றினால் தாள் கூம்பாகிவிடும் என்று போட்டிருந்தது. அந்தக் கூம்பில் எலக்ட்ரானின் ஆற்றல் மட்டங்கள் எப்படி மாறும் என்பது அதற்குக் கீழே சமன்பாடாக இருந்தது. கூட்டின் வாயை அங்கே பார்த்தேன். கொஞ்ச நேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பவே முடியவில்லை.

இடம் வளைந்தால் எலக்ட்ரானின் ஆற்றல் மட்டத்துக்கு என்ன ஆகிறது? அன்றைக்குப் பிடித்த கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பிளஸ் டூவில் ஆற்றல் மட்டத்தை ஏணிப்படி என்று சொல்லிக்கொடுக்கிறோம். எலக்ட்ரான் இந்தப் படியில் நிற்கும், அந்தப் படிக்குத் தாவும், நடுவில் நிற்காது. தேர்வுக்கு இது போதும். ஆனால் இந்தப் படம், படிகள் எலக்ட்ரானுக்கே சொந்தமானவை என்ற நினைப்பை விதைத்துவிடுகிறது. எனக்குப் பறைதான் சரியான உதாரணமாகப் படுகிறது. கொட்டுக்கு முன்னால் பறையை நெருப்பில் காட்டுவார்கள்; தோல் இறுகிச் சுதி ஏறும். அதே தோலைப் பெரிய வளையத்தில் கட்டினால் சுதி இறங்கும். அந்த ஓசை தோலுக்கு மட்டுமா சொந்தம்? தோலும் வளையமும் இழுப்பும் சேர்ந்துதானே அது. எலக்ட்ரானும் ஓர் அலை. தான் இருக்கும் இடத்தில் பொருந்தி நிற்கக்கூடிய அதிர்வுகள்தான் அதன் மட்டங்கள். இடத்தின் வடிவம் மாறினால் சுதி மாறித்தான் ஆக வேண்டும்.

வேகமாக ஓடும் எலக்ட்ரானுக்கு, ஐன்ஸ்டைனின் சார்பியலோடு ஒத்துப்போகும் சமன்பாட்டை 1928-இல் இயற்பியலாளர் டிராக் எழுதினார். ஹைட்ரஜனில் எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் 137-இல் ஒரு பங்குதான்; ஆனாலும் ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகளின் நுண்ணிய பிளவை அந்தச் சமன்பாடு சரியாகச் சொன்னது. கனமான அணுக்களில் வேகம் இன்னும் கூடும். தங்க அணுவின் உட்கூட்டில் எலக்ட்ரான் ஒளிவேகத்தில் பாதிக்கு மேல் ஓடுகிறது. அதனால் மட்டங்கள் நகர்ந்து, நீல ஒளியைத் தங்கம் விழுங்கிக்கொள்கிறது. தாலியின் மஞ்சளில் சார்பியல் இருக்கிறது.

காலமும் வெளியும் சேர்ந்ததுதான் காலவெளி; ஈர்ப்பு என்பது அதன் வளைவு என்றார் ஐன்ஸ்டைன். டிராக்கின் சமன்பாடு வளைவில்லாத, தட்டையான காலவெளிக்கு எழுதப்பட்டது. வளைந்த காலவெளிக்கு அதை அடுத்த ஆண்டே, 1929-இல், ஃபாக்கும் வைலும் தனித்தனியாகக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு முன் நின்ற சிக்கல் எலக்ட்ரானின் தற்சுழற்சி, அதாவது பம்பரம் மாதிரி ஒரு திசையைச் சுட்டும் அதன் இயல்பு. அதைச் சொல்ல ஒவ்வொரு புள்ளியிலும் 'எது மேலே, எது முன்னே' என்ற திசைகள் வேண்டும். வளைந்த இடத்தில் எல்லாப் புள்ளிக்கும் பொதுவான திசைகள் கிடையாது.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. மண்டபம் பக்கம் நிலம் குறுகலானது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ராமேஸ்வரத்தில் ஒன்றை ஆண் கடல் என்பார்கள், மற்றதைப் பெண் கடல். தென்கடலில் வள்ளத்தில் இருப்பவர் "கரைப்பக்கம் திருப்பு" என்றால் வடக்கே திருப்ப வேண்டும். வடகடலில் அதே சொல்லுக்குத் தெற்கே. இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். 'கரைப்பக்கம்', 'ஆழப்பக்கம்' என்பவை அந்தந்த இடத்தின் திசைகள். பாம்பன் கால்வாய் வழியாக ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர், தன் திசைச்சொற்கள் எப்படித் திரும்பின என்ற கணக்கையும் மனசில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஃபாக்கும் வைலும் செய்தது இதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு திசைகள் கொண்ட ஒரு சிறு சட்டகம். பக்கத்துப் புள்ளிக்கு நகரும்போது அந்தச் சட்டகம் எவ்வளவு திரும்புகிறது என்ற கணக்கு. அந்தத் திருப்பக் கணக்கு சமன்பாட்டுக்குள் புதிய உறுப்பாக வந்து உட்காருகிறது. வளைவு எலக்ட்ரானைத் தொடும் கதவு அதுதான்.

இனி, நான் வகுப்பில் பல வருடம் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றைத் திருத்தியாக வேண்டும்.

ஈர்ப்பால் மட்டங்கள் மாறுவதற்கு எல்லோரும் தரும் முதல் உதாரணம் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி: ஈர்ப்பை எதிர்த்து மேலேறும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது. 1960-இல் ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரக் கோபுரத்தில், இரும்பு-57 அணுக்கருவின் காமாக் கதிரை வைத்து அதை அளந்தார்கள். மேலே உள்ள அணுவுக்கும் கீழே உள்ள அணுவுக்கும் வித்தியாசம் பத்துக் கோடி கோடியில் இரண்டரைப் பங்கு. நம்மூர்க் கணக்கில் சொன்னால், ராமேஸ்வரம் டிவி டவர் 323 மீட்டர். அதன் உச்சியில், அணுவின் மட்டங்களை வைத்தே துடிக்கும் ஓர் அணுக்கடிகாரத்தையும் அடியில் இன்னொன்றையும் வைத்தால், உச்சியில் இருப்பது ஒரு நாளைக்கு 3 நானோவினாடி முந்திப்போகும். 2022-இல் கொலராடோவில் ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்துக்குள்ளேயே இதைக் கண்டுவிட்டார்கள்.

எங்கள் கடற்கரையில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. படகில் ஜிபிஎஸ் இல்லாமல் இன்று யாரும் எல்லைக்கோட்டுப் பக்கம் போவதில்லை. அந்தச் செயற்கைக்கோள்களில் உள்ள அணுக்கடிகாரங்கள் உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோவினாடி முந்துகின்றன, வேகத்தால் 7 பிந்துகின்றன. மிச்சம் 38. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். பாக் நீரிணையில் 10 கிலோமீட்டர் என்றால் என்ன என்பது, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுச் சிறையிருந்து வந்தவர்களின் வீடுகளுக்குத் தெரியும். எங்கள் தெருவில் அப்படி இரண்டு வீடுகள் உண்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இப்படித்தான் காலவெளியின் வளைவு ஆற்றல் மட்டத்தை மாற்றுகிறது" என்று முடிப்பேன். அது சரியில்லை. செம்பெயர்ச்சியில் ஓர் அணுவின் எல்லா மட்டங்களும் ஒரே விகிதத்தில் சேர்ந்து நகர்கின்றன. ஓதம் ஏறும்போது கரையோரம் கட்டிய வள்ளங்கள் எல்லாம் ஒன்றாக ஏறுவதைப் போல. வள்ளத்துக்குள் உட்கார்ந்து ஐஸ்பெட்டியையும் வலையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஏறியதே தெரியாது. கரையில் நிற்பவரோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அணுவும் அப்படித்தான். தனக்குள்ளே பார்த்தால் அதற்கு எதுவும் மாறவில்லை. ஈர்ப்பை உணராமல் தடையின்றி விழுந்துகொண்டிருக்கும் அணு, தன்னைச் சுற்றி ஈர்ப்பே இல்லாதது போலத்தான் இருக்கும். ஐன்ஸ்டைன் அங்கிருந்துதான் தொடங்கினார்.

அப்படி விழுந்தாலும் போகாத ஒன்று மிஞ்சுகிறதே, அதுதான் வளைவு.

அந்த மிச்சத்தை நாங்கள் தினம் இரண்டு வேளை பார்க்கிறோம். பூமி நிலாவை நோக்கித் தடையின்றி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. விழுகிறவனுக்கு ஈர்ப்பு தெரியாது என்றால் கடல் ஏன் ஏறி வற்ற வேண்டும்? நிலாவுக்குப் பக்கத்தில் உள்ள கடலை நிலா கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறது, மறுபக்கத்துக் கடலைக் கொஞ்சம் குறைவாக. மொத்தமாக விழுவதைக் கழித்துவிட்டால் இந்த வித்தியாசம் மட்டும் நிற்கும். அது பூமியை ஒரு திசையில் நீட்டுகிறது, குறுக்குத் திசைகளில் அமுக்குகிறது. அதனால்தான் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் பெரிதில்லை, ஒரு மீட்டர்கூட வராது. ஆனால் அமாவாசைக்குப் பாம்பன் பாலத்தடியில் தண்ணீர் இழுக்கும் இழுப்பைப் பார்த்தவர்களுக்கு, காலவெளியின் வளைவு கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று.

1980-இல் இயற்பியலாளர் லெனார்ட் பார்க்கர் கேட்டது இதே கேள்வியைத்தான், கடலுக்குப் பதில் ஹைட்ரஜனின் எலக்ட்ரான் மேகத்தை வைத்து. வளைந்த காலவெளியில் தடையின்றி விழும் ஓர் அணு. எலக்ட்ரான் மேகத்துக்கும் ஓதம் உண்டு என்று அவர் கணக்கு சொன்னது. நீளும் திசையில் கிடக்கும் மேகத்தின் மட்டம் இறங்கும். அமுங்கும் திசைகளில் கிடப்பவற்றின் மட்டம் ஏறும். ஒன்று இரண்டு பங்கு இறங்கினால், மற்ற இரண்டும் ஒவ்வொரு பங்கு ஏறும், கூட்டினால் சுழி. தற்சுழற்சியை ஒதுக்கிவைத்து எளிதாகப் பார்த்தால், மூன்று திசையில் நீண்டு கிடக்கும் மேகங்களான பி நிலைகள் மூன்றும் இப்படிப் பிரியும். உருண்டையான அடிமட்டத்துக்கோ, வெற்றிடத்தில் முதல் கணக்கில் ஒன்றும் ஆகாது. அதில் நீட்டலும் அமுக்கலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

இதுதான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்பும் வித்தியாசம். எல்லா மட்டமும் சேர்ந்து நகர்ந்தால் அணு எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியும். மட்டங்கள் ஒன்றையொன்று விட்டு விலகினால்தான், அணு இருக்கும் இடம் வளைந்திருக்கிறது என்று தெரியும். ஒரு சோதனையில் ஒரே கோட்டைப் பார்த்துவிட்டு "வளைவைக் கண்டோம்" என்று சொல்லக் கூடாது. இரண்டு கோடாவது வேண்டும்.

அளவு எவ்வளவு? பூமியின் தரையில் கிடக்கும் ஹைட்ரஜனுக்கு, அணுவின் ஆரத்தை மட்டும் வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். தசமப்புள்ளிக்குப் பின் 37 சுழியம், அதற்கு அப்புறம் 2. அவ்வளவு எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிடுங்கி எடுக்கவே 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். பூமியில் இதை அளக்கும் கருவி கிடையாது, வரப்போவதாகவும் நான் நினைக்கவில்லை. 1947-இல் ஹைட்ரஜன் மட்டத்தில் லாம்ப் கண்ட நுண்ணிய நகர்வின் அளவுக்கு இது வளர வேண்டும் என்றால், காலவெளியின் வளைவு ஆரம் ஒரு சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்க வேண்டும். நிலாவின் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை ஒரு தூசிக்குள் அடைத்துக் கருந்துளையாக்கி, அதன் வாசலில் அணுவை வைத்தால் அந்த வளைவு கிடைக்கும்.

இத்தனை சிறிய எண்ணுக்காக ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் சொன்னது இது: குவாண்டமும் ஈர்ப்பும் ஒரே சமன்பாட்டில் நின்று, முரண்படாமல், ஒரு விடையைச் சொல்லும் இடங்கள் மிகக் குறைவு. இது அப்படி ஓர் இடம். விடை சிறிதாக இருப்பதால் அது தவறாகிவிடாது.

ஈர்ப்பு மட்டங்களை உண்டாக்குவதை நேரில் பார்த்ததும் உண்டு, வேறு வகையில். 2002-இல் பிரான்சின் கிரெனோபிளில், மிக மெதுவாகப் போகும் நியூட்ரான்களை வழவழப்பான ஒரு கண்ணாடிப் பரப்பின் மேல் விட்டார்கள். கீழே கண்ணாடி, மேலிருந்து பூமியின் ஈர்ப்பு. நடுவில் நியூட்ரான் அலைக்குப் படிகள் உண்டாயின. முதல் படியின் உயரம் ஒரு மீட்டரில் பத்து லட்சத்தில் சுமார் 14 பங்கு, தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. அதில் வேலை செய்தது எடை. வளைவு அங்கே வரவில்லை.

இப்போது கூம்புக்கு வருகிறேன். இதைப் படிக்கிறவர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டால் நல்லது.

தாளில் ஒரு வட்டம் வெட்டுங்கள். மையத்திலிருந்து, பெரிய தோசையில் பிய்த்த துண்டு மாதிரி, ஆறில் ஒரு பங்கை வெட்டி எடுத்துவிடுங்கள். மிச்சத்தில், விளிம்பை ஒட்டி, ஒரு வெட்டுக்கோட்டிலிருந்து இன்னொரு வெட்டுக்கோடு வரைக்கும் சின்னச் சின்ன அம்புகள் போடுங்கள். எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், அணிவகுப்பு மாதிரி. இனி இரண்டு வெட்டு விளிம்புகளையும் சேர்த்து ஒட்டுங்கள். கடலை மடிக்கும் பொட்டலம்போல, ஆனால் அகலமாக, ஒரு கூம்பு வரும். ஒட்டிய இடத்தைப் பாருங்கள். முதல் அம்பும் கடைசி அம்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் ஒரே பக்கம் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே 60 பாகை. நீங்கள் எந்த அம்பையும் திருப்பவில்லை. தாளை எங்கும் இழுக்கவோ கசக்கவோ இல்லை. நுனி ஒன்றைத் தவிர எல்லா இடமும் தட்டைத் தாளேதான்.

அந்தக் கூம்பின் மேல் எலக்ட்ரான் இருந்தால், அதன் தற்சுழற்சியும் சுற்றி வரும்போது இப்படித்தான் திரும்பும். அதோடு, சுற்றளவும் ஆறில் ஐந்தாகச் சுருங்கிவிட்டது. சுற்றிவந்த அலை, தொடங்கிய இடத்தில் வந்து சரியாகப் பொருந்த வேண்டுமே. அதனால் அதன் சுழல் உந்தத்தின் எண் 6/5 மடங்காகக் கணக்கில் நுழைகிறது. மட்டங்கள் நகர்கின்றன, தட்டைத் தாளில் ஒன்றாக இருந்தவை இங்கே பிரிகின்றன. என்னை உலுக்குவது இதுதான்: எலக்ட்ரான் நுனியைத் தொடவே வேண்டாம். அது இருக்கும் ஒவ்வோர் இடமும் தட்டை. இருந்தாலும் எங்கோ ஒரு நுனி இருப்பது அதன் ஆற்றலில் தெரிந்துவிடுகிறது.

இந்த மாதிரிக் கூம்பு வடிவ வெளியை அண்டத்திலேயே உண்டாக்கக்கூடிய இழைகள் இருக்கலாம் என்று 1976-இல் கிபிள் எழுதினார். அண்ட இழைகள் என்று பெயர். இதுவரை ஒன்றும் கண்ணில் படவில்லை.

கூம்பில் வளைவு ஒரு நுனியில் குவிந்திருக்கிறது. உருண்டையில் எங்கும் பரவியிருக்கிறது. உருண்டையின் மேல் நிறையற்ற டிராக் துகளை வைத்தால் அதன் மட்டங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சீராக வரும், எதிர்ப்பக்கமும் அப்படியே. சுழி மட்டும் வராது. தற்சுழற்சி இல்லாத சாதாரண அலை என்றால், உருண்டை முழுக்க ஆடாமல் அசையாமல் சுழி ஆற்றலில் படுத்துக்கிடக்கலாம். தற்சுழற்சி உள்ளதற்கு அந்த ஓய்வு கிடையாது. ஏன் என்பதற்கான விடை ஷ்ரோடிங்கர் 1932-இல் எழுதிய ஒரு கட்டுரையிலேயே இருக்கிறது. டிராக் சமன்பாட்டை வளைந்த வெளியில் இருமடியாக்கியபோது, வளைவில் சரியாக நான்கில் ஒரு பங்கு, கூப்பிடாமலே வந்து ஓர் உறுப்பாக நின்றது. கிட்டத்தட்ட நிறை நிற்க வேண்டிய இடத்தில். 1963-இல் கணித மேதை லிக்னரோவிட்ஸ் அதே முடிவைப் பொதுத் தேற்றமாக்கினார்: மூடிய வெளியில் எங்கும் வளைவு நேர்க்குறியாக இருந்தால் சுழி மட்டம் இருக்க முடியாது.

கால்வாசி வளைவு. ஏன் பாதி இல்லை, ஏன் முழுசு இல்லை? கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் நான்கு பக்கம் வரும். அந்த நான்கு பக்கத்தை நான் மூன்று முறை போட்டிருக்கிறேன். மூன்று முறையும் கடைசி வரியில் அந்தக் கால் வந்து விழும்போது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கிராஃபீன் 2004-க்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. அதில் எலக்ட்ரான்கள் நிறையே இல்லாத டிராக் துகள்கள்போல ஓடுகின்றன. ஒளிவேகத்துக்குப் பதில் அதில் சுமார் 300-இல் ஒரு பங்கு வேகம். ஆகவே, வளைந்த வெளியில் டிராக் துகள் என்ன செய்யும் என்பதை மேசை மேலேயே பார்க்க ஒரு வழி கிடைத்தது. அதற்கு முன்பே, 1985-இல் கண்டுபிடிக்கப்பட்ட 60 கார்பன் அணுக்களின் உருண்டையை வைத்து, 1990-களின் தொடக்கத்தில் ஸ்பெயினைச் சேர்ந்த மூன்று பேர் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிராஃபீனின் அணுக்களுக்குக் கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி நிறம் பூசலாம். அறுகோணத்தில் அது ஒழுங்காக முடியும். ஐங்கோணத்தைச் சுற்றி வந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு வந்து நிற்கும். இந்தப் பிசகு எலக்ட்ரானுக்கு ஒரு காந்தப்புலம் மாதிரித் தெரிகிறது. அதனால் ஷ்ரோடிங்கரின் கால் பங்கு விரட்டிவிட்ட மட்டங்கள் சுழிக்குப் பக்கத்தில் திரும்ப வந்துவிடுகின்றன. வெறும் வளைவு வேறு, நார் குறைத்து உண்டாக்கிய வளைவு வேறு. பின்னலுக்குள் என்ன நடந்தது என்பதையும் எலக்ட்ரான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

2010-இல் பெர்க்லியில் பிளாட்டினத்தின் மேல் வளர்த்த கிராஃபீனில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அந்தக் கொப்புளங்களின் மேல் எலக்ட்ரான் மட்டங்களை அளந்தபோது, 300 டெஸ்லாவுக்கு மேற்பட்ட காந்தப்புலத்தில் வைத்தது மாதிரி அவை படிப்படியாகப் பிரிந்து நின்றன. பக்கத்தில் அப்படி ஒரு காந்தமே இல்லை. நம்மூர் ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ இயந்திரம் ஒன்றரை அல்லது மூன்று டெஸ்லா. கொப்புளத்தின் இழுப்பும் வடிவமும் மட்டுமே அந்த வேலையைச் செய்தன. இது காலவெளியின் வளைவு இல்லை, ஒரு தாளின் திரிபு. அதை மறக்கக் கூடாது. ஆனால் சமன்பாட்டுக்குள் அது நுழைவது ஃபாக்கும் வைலும் திறந்துவைத்த கதவுக்குப் பக்கத்துக் கதவு வழியாகத்தான்.

கருந்துளைக்கு வந்தால் நம் சந்திரசேகர் இல்லாமல் முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1930-இல் பத்தொன்பது வயதில் பம்பாயிலிருந்து கப்பலேறி, பயணத்திலேயே வெண்குள்ள விண்மீன்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டவர். ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் ஈர்ப்பைத் தாங்க முடியாமல் தோற்கும் எல்லை அது. நாற்பத்தாறு வருடம் கழித்து, 1976-இல், சுழலும் கருந்துளையைச் சுற்றி டிராக் சமன்பாட்டை அவர் எடுத்தார். பின்னிப்பிணைந்து கிடந்த அந்தச் சமன்பாடு, தூரத்துக்கு ஒன்று கோணத்துக்கு ஒன்று என்று தனித்தனியே பிரிந்து வரும் என்று காட்டினார். பிரியும் என்று யாரும் உறுதியாக எதிர்பார்க்க இடமில்லாத சமன்பாடு அது. கைநிறையப் பக்கங்கள் எழுதி, சலிக்காமல், ஒரு முடிச்சும் விடாமல் அவிழ்த்தார். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த ஒரு காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கருந்துளையைச் சுற்றியும் அணுவைப் போல மட்டங்கள் உண்டு. ஆனால் அவை நிலைத்து நிற்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒழுகிக்கொண்டே இருக்கும். அணுவில் மட்டம் ஒரு கூர்மையான கோடு என்றால், இங்கே அது அகலமாகக் கலங்கிய கோடு. ஒரு டிராக் துகள் என்றென்றைக்கும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும் நிலை கருந்துளைக்கு வெளியே இல்லை என்று 2000-இல் கணித முறைப்படியே நிறுவினார்கள். கூட்டின் வாய்போல ஒருவழிப் பாதை. வேறு பக்கம் போய்ப் பார்க்க வழியில்லை.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாடைக் காற்று நின்று கடல் தெளிந்திருந்தது. பெரியப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. நார்க்கூடு கேட்டு வருபவரும் இல்லை. இரும்புக் கம்பியில் நைலான் வலை கட்டிய கூடுகள்தான் ஊரில் கிடக்கின்றன. ஆனாலும் கை சும்மா இருக்காமல், என் தம்பி மகளுக்கு நாரிலேயே ஒரு பந்து பின்னிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து, மேலே எழுதியதை எல்லாம் என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். ஓதம் எலக்ட்ரானுக்கும் உண்டு என்றபோது கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அதை யாராச்சும் பாத்திருக்காகளா?"

"இல்ல பெரியப்பா. ரொம்பச் சின்னது. கணக்குல மட்டும்தான்."

"கணக்கு சரிதானே?"

"சரி."

"அப்ப இருக்கும்" என்றார்.

பந்தைப் பார்த்துக்கொண்டே இருந்த நான், இதில் ஐந்து மூலைக் கண் எத்தனை இருக்கும் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். அறுகோணமும் ஐங்கோணமும் மட்டும் கொண்டு எந்த உருண்டையைப் பின்னினாலும், சின்னதோ பெரியதோ, ஐங்கோணம் சரியாகப் பன்னிரண்டு வந்தே தீரும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அதை அவரிடம் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

பந்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையின் சுட்டுவிரலை ஒவ்வொரு கண்ணாக வைத்து எண்ணினார். பார்வை மங்கிவிட்டதால் விரல்தான் பார்த்தது. தம்பி மகளும் கூடவே எண்ணினாள். பதினொன்றில் நின்றுவிட்டார். இரண்டு முறை திருப்பித் திருப்பித் தடவினார். பதினொன்றுதான் என்றார்.

பந்தைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரலைத் தம்பி மகள் மெதுவாகத் தூக்கினாள். பன்னிரண்டாவது அதற்கு அடியில் இருந்தது.